விலங்கு பார்க்கும் வேனில் மாப்பிள்ளை தேடியது

வந்தவர்கள் இவர்கள்.

நான். மன்னார்புரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன்.

என் அக்கா தனம். ஜீயபுரத்தில் வாழை விவசாயம்.

அக்கா மகள் கௌரி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வயது இருபத்தெட்டு.

அக்காவின் கொழுந்தன் பெரியசாமி. மணப்பாறைச் சந்தையில் மாட்டுத் தரகு. இவரைக் கூப்பிடுவதாக இல்லை. அக்கா வீட்டுக்காரருக்கு அன்றைக்கு வாழைத்தார் வெட்டு. அவர் வராமல் போனதில் நாங்கள் மூன்று பேர் ஆகிவிட்டோம். நல்ல காரியத்துக்கு மூன்று பேர் போகக் கூடாது. அதனால் நாலாவதாகப் பெரியசாமி.

வழிகாட்டி ஜெயந்தி மேடம். காலேஜில் விலங்கியல் சொல்லிக் கொடுத்து ரிட்டயர் ஆனவர்.

வேன் டிரைவர் ஒருவர்.

கல்கத்தாவிலிருந்து ரங்கநாதரைப் பார்க்க வந்த வயதான புருஷன் பெண்டாட்டி.

மற்றவர்கள் யார் யாரென்று அப்போது எனக்குத் தெரியாது. அவர்களில் ஒருவன் மாப்பிள்ளை. அது மட்டும் தெரியும்.

விஷயம் இதுதான். கௌரிக்கு மூன்று இடம் வந்தது. மூன்று பேரும் வீட்டுக்கு வந்தார்கள். கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டார்கள். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். மூன்றும் வேண்டாம் என்று வந்தது. தெருவுக்கே தெரிந்தது. மூன்றாவதுக்குப் பிறகு கௌரி சொல்லிவிட்டாள்.

"இனிமே பட்டுச் சேலை கட்டிக்கிட்டுத் தட்டு தூக்க மாட்டேன். போட்டோவும் யாருக்கும் அனுப்பாதீங்க. இதான் கடைசி. இதுவும் இல்லன்னா ஆள விடுங்க."

அதற்குக் கல்யாணத் தரகர் ஒரு வழி சொன்னார். இப்போதெல்லாம் கோயிலில் வைத்துப் பார்க்கிறார்கள். இரண்டு குடும்பமும் தற்செயலாக வந்தது போல வரும். பார்க்கும். பிடித்தால் தரகரிடம் சொல்லும். பிடிக்காவிட்டால் சாமி கும்பிட்ட கணக்கில் போய்விடும். அங்கே நின்று யாரும் யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது. நீங்கள்தானா என்று கேட்கவே கூடாது. கேட்டால் அது பெண் பார்த்ததாக ஆகிவிடும். அப்புறம் மறுத்தால் அவமானம்.

இந்தப் பையன் கென்யாவில் இன்ஜினியர். அந்த நாட்டில் இருந்துகொண்டு சிங்கம் பார்க்க நேரம் கிடைக்கவில்லையாம். லீவில் வந்து ஸ்ரீரங்கத்தில் விலங்கு பார்க்க இரண்டு நாள் பயணத்துக்குப் பேர் கொடுத்திருக்கிறான். எனக்கு இது புரியவில்லை. தரகர், கோயிலுக்குப் பதில் அங்கேயே பாருங்கள் என்றார். நாங்கள் போட்டோ கொடுக்காததால் அவர்களும் கொடுக்கவில்லை.

"அடையாளம்?" என்று கேட்டேன்.

"அம்மாவும் பையனுமா வருவாங்க. பாத்தாலே வெளிநாடுன்னு தெரியும்ணே," என்றார்.

சனிக்கிழமை விடிய ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக்கரைக்குப் போனோம். வேன் எங்களுக்கு முன்பே வந்து மணலில் பின் சக்கரம் புதைந்து நின்றது. டிரைவர் கத்திக்கொண்டிருந்தார். சேறு தெறித்த பனியனில் ஒருவன் சக்கரத்துக்கு அடியில் தட்டைக்கல் திணித்துக்கொண்டிருந்தான். கிளீனர். நானும் தோள் கொடுத்தேன். வேன் ஏறியது.

அதற்குள் மேடம் எல்லோரையும் வட்டமாக நிறுத்தியிருந்தார். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சீட்டு. "ரெண்டு நாளைக்கு உங்க சொந்தப் பேரு வேண்டாம். ஆளுக்கொரு பறவை. சீட்டை எடுத்துச் சட்டையில ஒட்டிக்கங்க. அப்பதான் பறவைப் பேரு மனசுல நிக்கும்," என்றார்.

அக்கா என் காதில், "போச்சுடா," என்றாள். ஜாதகத்தில் பையன் பேர் கார்த்திகேயன் என்று இருந்தது. அந்தப் பேர் காதில் விழும் என்று நம்பித்தான் வந்தோம்.

எனக்குக் கூழைக்கடா வந்தது. அக்காவுக்கு மைனா. கௌரிக்கு மீன்கொத்தி. பெரியசாமிக்குக் கௌதாரி. "வறுத்துத்தான் தின்னுருக்கேன். சட்டையில ஒட்டுனது இல்ல," என்றார். மேடம் சிரிக்கவில்லை. வேனடியில் மணலைத் தள்ளிக்கொண்டிருந்த கிளீனர் மட்டும் சீட்டு எடுக்கவில்லை.

ஆனால் அக்கா கண்டுபிடித்துவிட்டாள். எதிரே ஒரு பையன். வெள்ளை ஷூ. கழுத்தில் பெரிய கேமரா. தொப்பி. பக்கத்தில் அம்மா. பார்த்தாலே வெளிநாடு. அவனுக்குப் பஞ்சுருட்டான் என்று சீட்டு. அவன் அம்மாவுக்கு ஆந்தை.

"இவந்தான்," என்றாள் அக்கா.

நடக்க ஆரம்பித்தோம். ஆற்று மணல், நடுவே கணுக்கால் தண்ணீர், பிறகு நாணல். மேடம் முன்னால் போய்க் கையை உயர்த்தினால் எல்லோரும் நிற்க வேண்டும். பேசக் கூடாது. மன்னார்புரத்தில் ஹாரன் இல்லாமல் ஒரு நிமிடம் போகாது. இங்கே எனக்குக் காது அடைத்தது போல இருந்தது. நாரைகள், கொக்குகள், ஒரு கீரி, ஒரு உடும்பு பார்த்தோம். ஈர மணலில் நீர்நாயின் கால் தடம் இருந்தது. பக்கத்தில் எச்சம். மேடம் குனிந்து முகர்ந்து பார்த்தார். "மீன் வாடை. ராத்திரி வந்திருக்கு," என்றார். எங்களையும் முகரச் சொன்னார். முகர்ந்தோம். மீன் வாடைதான்.

அக்கா எதையும் பார்க்கவில்லை. பஞ்சுருட்டானையே பார்த்தாள். பெரியசாமியும் பின்னாலேயே நடந்து அவன் நடையைப் பார்த்தார். "பின்னங்கால் நேரா விழுது. பல்லும் வரிசை. குறை சொல்ல முடியாது அண்ணி," என்றார்.

கௌரி அவனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு எங்கள் எல்லோருக்கும் முன்னால் போய்விட்டாள்.

எட்டு மணிக்கு இட்லிப் பொட்டலம் கொடுத்தார்கள். சட்னி சிந்தியிருந்தது. அக்கா விடியற்காலை செய்த கொழுக்கட்டை டப்பாவைத் திறந்து பஞ்சுருட்டானுக்கும் ஆந்தை அம்மாவுக்கும் வைத்தாள். மறுபடியும் வைத்தாள். ஆந்தை அம்மாவுக்குக் கூச்சமாக இருந்தது. "எங்களுக்கு மட்டும் ஏங்க இவ்வளவு?" என்றார். அக்கா சிரித்தாள். அவர்களும் வாய் திறக்கக் கூடாதே, அதனால் இப்படிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

பிறகு வேன். கொள்ளிடம் பாலம் தாண்டி வடக்கே புதர்க்காட்டுப் பக்கம். வேனுக்கு மேலே கூரை வெட்டி எடுத்திருந்தார்கள். நின்றுகொண்டு பார்க்கலாம். வெயில் தலையில் விழுந்தது. மயில் நிறைய. அது எங்கள் ஜீயபுரத்தில் கூரைமேல் ஏறி நிற்கும். ஒரு முயல். பிறகு புள்ளிமான் கூட்டம். எல்லோரும் மூச்சை அடக்கினார்கள். பெரியசாமி மட்டும், "காலு ரொம்ப ஒல்லி. உழவுக்கு ஆவாது," என்றார். மான்கள் ஓடிவிட்டன.

கல்கத்தா அம்மா தன் புருஷனிடம் இந்தியில் ஏதோ சொன்னார். மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டார். என்ன என்று கேட்டேன். "இந்த ஊர்க்காரங்க மிருகத்தப் பாக்காம ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டிருக்காங்களே, இதுதான் இங்க பழக்கமான்னு கேக்குறாங்க," என்றார்.

என் பக்கத்தில் நாரை என்று ஒட்டிய ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். தனியாக வந்தவர் போல இருந்தது. "கூட யாரும் வரலையாம்மா?" என்றேன்.

"பையன் முன்னாடி இருக்கான்," என்றார்.

முன்னால் டிரைவரும் கிளீனரும்தான் இருந்தார்கள். டிரைவருடைய அம்மா, சும்மா கூட்டி வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். டிரைவருக்கு நாற்பது இருக்கும். இந்த அம்மாவுக்கு அறுபது இருக்கும். பொருந்தியது.

அவர் கண் முழுக்கச் சிட்டு என்று ஒட்டிய காலேஜ் பெண் மேலே இருந்தது. "அந்தப் பொண்ணு உங்க கூட வந்துச்சா?" என்றார். இல்லை என்றேன். "உங்க பொண்ணு?" மீன்கொத்தி, அக்கா மகள் என்றேன்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லம்மா. மூணு எடம் வந்துச்சு. மூணும் வேணாம்னுட்டாங்க."

"அடடா. ஏன்?"

"ஒருத்தருக்கு நெறம் பத்தல. ஒருத்தருக்கு இவ சம்பளம் கூட. மூணாவதுக்கு இவ கேட்ட கேள்வி பிடிக்கல."

"என்ன கேட்டா?"

"மாப்பிள்ளைகிட்ட, உங்க துணிய யாரு தொவைக்கிறாங்கன்னு கேட்டா."

அவர் திரும்பி மீன்கொத்தியைப் பார்த்தார். "சமைப்பாளா?" என்றார்.

"சுமாரும்மா. கோவம் வரும். பொய் வராது."

டிரைவரின் அம்மாதானே என்று நினைத்து இதையெல்லாம் சொன்னேன்.

திரும்பும்போது வேன் ஒரு பக்கம் சாய்ந்தது. சீமைக்கருவேல முள். பின் டயர். மேடம் யாரும் தூரமாகப் போகாதீர்கள் என்றார். டிரைவர் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். நான் இறங்கினேன். இது என் வேலை. கிளீனர் அதற்குள் ஜாக்கியை எடுத்து வைத்துவிட்டான். நட்டு துரு ஏறி இறுகியிருந்தது. நான் ஸ்பேனரைப் பிடிக்க, அவன் மேலே ஏறி மிதித்தான். கௌரி வந்து கழற்றிய நட்டை எல்லாம் துப்பட்டாவில் வாங்கிக்கொண்டாள்.

"மெதுவா மிதிங்க. எங்க மாமா கை அது," என்றாள்.

"தெரியுதுங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஸ்பேனர் தெறிச்சா பல்லு போயிரும்."

"என் பல்லப் பத்திக் கவலப்படாதீங்க. மூஞ்சில சேறு காஞ்சு கெடக்கு, அதத் தொடைங்க மொதல்ல."

"எந்தப் பக்கம்?"

"எல்லாப் பக்கமும்."

இப்படியே பேசிக்கொண்டிருந்தார்கள். நீர்நாய் எச்சத்தை முகர்ந்தபோது யார் யார் முகம் எப்படிப் போனது என்று அவள் செய்து காட்டினாள். அவன் ஜாக்கியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வீட்டில் அவள் இவ்வளவு பேசி நான் கேட்டது இல்லை. ஸ்டெப்னி மாட்டி முடித்தோம். வேலை சுத்தமாக இருந்தது.

"தம்பி, மன்னார்புரத்துல கடை வச்சிருக்கேன். ஆள் வேணும். வர்றியா?" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். "யோசிச்சு சொல்றேண்ணே," என்றான்.

புளியோதரையும் தயிர்சாதமும் வாழையிலைப் பொட்டலத்தில் வந்தன. பெரியசாமி மணப்பாறை முறுக்கு கொண்டு வந்திருந்தார். தயிர்சாதத்துக்கு அது நன்றாக இருந்தது. கல்கத்தாக்காரர்கள் புளியோதரையைத் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு முறுக்கை மட்டும் சாப்பிட்டார்கள்.

அன்று சாயங்காலம் ஜீயபுரத்தில் அக்கா வீட்டில் சந்தோஷம். ஆந்தை அம்மா நல்ல மாதிரி, பையன் அமைதி, கேமரா மட்டும் பெரிய விலை இருக்கும் என்று பேசினார்கள். அக்கா வீட்டுக்காரர் வாழைக்கறையோடு வந்து கேட்டுக்கொண்டிருந்தார். கௌரியிடம் எப்படி என்று கேட்டோம்.

"யாரு, அந்தக் கேமராவா? நான் இருக்கேன்னே அவருக்குத் தெரியாது. வேணாம்னுதான் வரும். பாருங்க," என்றாள். எழுந்து போய்விட்டாள். அக்கா முகம் சுருங்கியது. இதுதான் கடைசி என்று கௌரி சொன்னது எல்லோர் மனதிலும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காவிரி. ஜீயபுரத்துக்குப் பக்கத்தில் பரிசல்துறை. பரிசலில் ஏறி நடு ஆற்றில் இருக்கும் திட்டுக்குப் போக வேண்டும். காலையில் பொங்கலும் வடையும். அக்கா மறுபடியும் கொழுக்கட்டை கொண்டு வந்திருந்தாள்.

பஞ்சுருட்டான் வந்தான். கூடவே ஒரு பெண். வயிறு தெரிந்தது. ஏழு மாதம் இருக்கும்.

"இவங்கதான் என் வைஃப், ஆன்ட்டி. லால்குடியில அவங்க அம்மா வீட்டுல இருந்தாங்க. நேத்து நீங்க கொடுத்த கொழுக்கட்டைய எடுத்துட்டுப் போயிக் கொடுத்தேன். இன்னும் வேணும்னு ஒரே அழுகை. அதான் கூட்டிட்டே வந்துட்டேன்," என்றான்.

அக்கா டப்பாவோடு நின்றாள். பெரியசாமி மெல்ல வந்து, "அண்ணி, இந்த மாடு ஏற்கெனவே வெலபோனது," என்றார்.

அக்கா டப்பாவை அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். முழுவதையும் கொடுத்தாள். பிள்ளைத்தாச்சி சாப்பிடட்டும் என்றாள்.

அப்படியானால் மாப்பிள்ளை யார்? வரவே இல்லையா? வந்து பார்த்துவிட்டு நேற்றே போய்விட்டானா? நான் ஒவ்வொருவராகப் பார்த்தேன். அம்மாவும் பையனுமாக வேறு யாரும் இல்லை. அக்கா மணலில் உட்கார்ந்தாள். நாரை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா போன் அடித்தது. தரகர். அவர் குரல் எப்போதும் அக்கரைக்குக் கேட்கும். "என்னம்மா, காட்டுல பாத்தாச்சா?" அக்கா, "அப்புறம் பேசுறேன்," என்று வைத்தாள்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நாரை அம்மாவின் போன் அடித்தது. எடுத்தார். அதே குரல். "என்னம்மா, காட்டுல பாத்தாச்சா?"

அக்கா திரும்பினாள். நாரை அம்மா திரும்பினார். நான் இரண்டு பேரையும் பார்த்தேன். பிறகு நேற்று வேனில் நான் சொன்னது ஞாபகம் வந்தது. மூன்று இடம். நிறம். சம்பளம். துணி. கோபம் வரும்.

நாரை அம்மா போனை இடுப்பில் செருகினார். ஒன்றும் சொல்லவில்லை. முறை அப்படி. பிறகு பரிசல்துறையைப் பார்த்துக் கூப்பிட்டார். "டேய் கார்த்தி! வடை ஆறுது, வா!"

கிளீனர் வந்தான். இன்றைக்கு நீலச் சட்டை. முகம் கழுவியிருந்தான். வந்து அம்மா பக்கத்தில் நின்று வடையை எடுத்தான்.

நான் அக்காவைத் தள்ளிக் கூட்டிப் போய் வேனில் பேசியதைச் சொன்னேன். மறைத்து என்ன ஆகப் போகிறது.

"மூணு எடம் வேணாம்னதையுமா சொன்ன?"

"கேட்டாங்க."

"கேட்டா சொல்லிருவியாடா?" என்றாள். ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு போய்க் கௌரியிடம் சொன்னாள்.

கௌரி, "அந்தக் கிளீனரா?" என்றாள். சத்தமாகவே சொல்லிவிட்டாள். பிறகு நேரே அவனிடம் போனாள். முறையாவது ஒன்றாவது. நான் பின்னால் போனேன். தாய்மாமன் வேறு என்ன செய்வது.

"நேத்து நான் கிளீனர் இல்லன்னு ஏன் சொல்லல?"

அவனுக்கு எதுவும் புரியவில்லை. அம்மாவைப் பார்த்தான். அம்மா தலையை ஆட்டினார். அவன் வடையைக் கீழே வைத்தான்.

"யாருங்க கேட்டீங்க? நீங்க சேத்தத் தொடைக்கச் சொன்னீங்க. உங்க மாமா வேலைக்கு வான்னாரு. ரெண்டுக்கும் பதில் சொன்னேன்."

"நாந்தான் பொண்ணுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"சிட்டுன்னு ஒட்டியிருந்தாங்களே, அவங்கதான்னு அம்மா சொன்னாங்க. அதனால அந்தப் பக்கமே போகாம இருந்தேன். உங்ககிட்ட தைரியமாப் பேசிட்டேன்."

"இப்ப?"

"இப்ப பயமா இருக்கு."

அவள் திரும்பி வந்துவிட்டாள். கோபமா, என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

பரிசலில் எடை பார்த்துத்தான் உட்கார வைப்பார்கள். பரிசல்காரர் எங்கள் ஆசையைக் கேட்கவில்லை. என்னையும் அக்காவையும் நாரை அம்மாவையும் மேடத்தையும் ஒன்றில் போட்டார். கௌரி, கார்த்தி, பெரியசாமி, கல்கத்தாக்காரர்கள் வேறொன்றில். பரிசல் நேராகப் போகாது. சுற்றிக்கொண்டே போகும். ஒரு சமயம் கரை தெரியும், ஒரு சமயம் ஆறு தெரியும், ஒரு சமயம் அவர்கள் பரிசல் தெரியும். ஒவ்வொரு தடவை தெரியும்போதும் பார்த்தேன். இரண்டு பேரும் பேசவில்லை. நேற்று அவ்வளவு பேசியவர்கள். நடுவில் பெரியசாமி உட்கார்ந்து காங்கேயம் காளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு மணல் மேட்டில் கட்டை போல ஒன்று கிடந்தது. மேடம் முதலை என்றார். கட்டைதான் என்று அடுத்த பரிசலில் இருந்து பெரியசாமி கத்தினார். கட்டை வாயைத் திறந்தது. பெரியசாமி காளையைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார்.

நாரை அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"எங்க பையன வேலைக்குக் கூப்பிட்டீங்களாமே."

"கூப்பிட்டேம்மா."

"என்ன சொன்னான்?"

"யோசிச்சு சொல்றேன்னான்."

"கென்யா வேலைக்கு என்னை ஒரு வார்த்தை கேக்காம ஒத்துக்கிட்டான்," என்றார். பரிசல் ஒரு சுற்று சுற்றியது. பிறகு சொன்னார். "அவன் துணிய அவந்தான் தொவைக்கிறான். யாராவது கேட்டா சொல்லுங்க."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுத்தினாள். ஆனாலும் இதில் முடிவு சொல்ல வேண்டியவள் அடுத்த பரிசலில் வாய் திறக்காமல் இருந்தாள்.

திட்டில் இறங்கினோம். நாணல் ஆள் உயரம். மேடம் குசுகுசு என்று பேசச் சொன்னார். தூரத்தில் தண்ணீரில் தலை தலையாக ஏதோ எழும்பியது. நீர்நாய்க் குடும்பம். ஒன்று மீனைப் பிடித்து இரண்டு கையாலும் வைத்துக் கடித்தது. குட்டிகள் அதன்மேல் ஏறின. இந்த இரண்டு நாளில் நானும் அக்காவும் பக்கத்தில் இருப்பவர்களை மறந்து பார்த்தது அதை மட்டும்தான்.

மேடம் விசில் ஊதினார். வெயில் ஏறுகிறது, பரிசலுக்கு வாருங்கள் என்றார். எல்லோரும் கரைக்கு வந்தார்கள். நாணலுக்கு மேலே தூரத்தில் நீலச் சட்டையின் தோளும் கௌரியின் குடையும் தெரிந்தன. குடை ஒன்றுதான். அதற்குக் கீழே இரண்டு தலை. நீர்நாய் போய்விட்டிருந்தது. அவர்கள் அந்தப் பக்கமே பார்த்து நின்றார்கள். அவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

பெரியசாமி கூப்பிட வாயைத் திறந்தார். அக்கா அவர் துண்டைப் பிடித்து இழுத்தாள்.

மேடம் விரலை நீட்டித் தலைகளை எண்ணினார். நெற்றியைச் சுருக்கினார். "இருபத்திரெண்டு பேரு இருக்கணுமே," என்றார்.

நான் தண்ணீரைப் பார்த்தேன்.

"அவசரமில்ல மேடம், நல்லா எண்ணுங்க," என்றார் நாரை அம்மா.

மேடம் மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

இருபது.